பசை காய்ந்த பிறகு

(வரைகலை மாணவர்கள் கூட்டிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்தின் வாசற்கதவில் இன்று மதியம் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். இடப்பக்கக் கதவில் வெறும் க்யூஆர் கோடு. கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தவிர ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. வலப்பக்கக் கதவில் மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி. அதன்மேல் மார்க்கரால் எழுதியிருந்தேன்: "இந்தக் கட்டடத்துக்கு ஐந்து படி. நீங்கள் ஏறியது மூன்று. மற்ற இரண்டும் எங்கே?" ஓரத்தில் சின்னதாக ஒரு க்யூஆர் கோடு.

முதலாவதை ஸ்கேன் செய்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். அவர்களிலும் இரண்டு பேர் காபி எங்கே கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன் செய்தார்களாம். இரண்டாவதை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் திறந்திருக்கிறீர்கள். உங்கள் காதில் விழுந்தது இந்தக் கட்டடத்துக் காவலாளி ஐயாவின் குரல்: "ஒவ்வொரு தடவ ரோடு போடும்போதும் பழைய ரோட்டச் சுரண்டாம அதுக்கு மேலயே போட்டுட்டுப் போறாங்க சார். ரெண்டு படி உள்ள போயிருச்சு. மழ பெஞ்சா நான் மூணாவது படியிலதான் நின்னாகணும்." கேட்ட சிலர் திரும்பிப் போய்ப் படியை எட்டிப் பார்த்ததை நான் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் ஒரே தாள், ஒரே பசை, ஒரே அச்சு. ஒன்று ஊமையாக நின்றது, மற்றது ஆளைத் திருப்பி அனுப்பிக் குனிந்து பார்க்க வைத்தது. தெருவையும் திரையையும் ஸ்டிக்கரால் இணைக்கப் பார்த்த கலைஞர்கள் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வித்தியாசத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் பேச இருப்பதும் அதைப் பற்றித்தான்.

நான் தொழில் கற்றது ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடையில். ஆட்டோவின் பின்கண்ணாடிக்குத் 'தாயின் ஆசி' வெட்டிக் கொடுக்கிற கடை. முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: "தம்பி, பின்னால வர்றவன் பிரேக் பிடிச்சு நிக்கிற நேரத்துக்குள்ள படிச்சு முடிச்சிரணும். இல்லேன்னா அது வெறும் குப்ப." அதற்குப் பிறகு கணினியில் பல விஷயங்கள் படித்தேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த முதலாளிக்குத் தெரியாத ஒருவர், அதே பாடத்தை வேறு திசையில் கொண்டுபோனார். 1989. அமெரிக்காவில் ப்ராவிடன்ஸ் நகரம், ரோட் ஐலண்ட் டிசைன் கல்லூரி. ஷெப்பர்ட் ஃபேரி என்ற மாணவர் ஒரு நண்பருக்கு ஸ்டென்சில் வெட்டக் கற்றுக்கொடுக்க, செய்தித்தாளில் வந்த ஒரு மல்யுத்த வீரரின் படத்தை எடுத்தார். ஆந்த்ரே தி ஜயன்ட் என்ற பிரெஞ்சு மல்லர். அந்த முகத்தை ஸ்டிக்கராக்கி, பக்கத்தில் ஆந்த்ரேவுக்கு ஒரு கூட்டாளிப் படை இருக்கிறது என்று எழுதி, உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு என்றும் போட்டார். அவ்வளவுதான். விற்பதற்கு எதுவும் இல்லை. எந்தக் கட்சியும் இல்லை. விளக்குக் கம்பத்திலும் போக்குவரத்துப் பலகையிலும் ஒட்டினார். ஸ்கேட்போர்டு ஓட்டும் பையன்கள் ஊர் ஊராக எடுத்துப்போய் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் குழம்பினார்கள். பாட்டுக் குழுவா? ஏதாவது ரகசிய மதமா? அடுத்த ஆண்டு ஃபேரி தன் ஸ்டிக்கருக்கு விளக்கம் எழுதியபோது ஹைடெக்கரின் தத்துவத்தை இழுத்தார். அந்தப் பெரிய பெயர் தேவையா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் விஷயம் சரி. பொருளில்லாத ஒரு படம் கண்ணில் பட்டால், அதற்குப் பொருள் தேடப் போகிற மனம், கூடவே அதே கம்பத்தில் இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட விளம்பரங்களையும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

1994-இல் ஆந்த்ரேயின் பெயருக்கு உரிமை கொண்டாடிய நிறுவனம் மிரட்டியது. ஃபேரி பெயரை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்து, கீழே 'பணி' என்று ஆணையிடும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் போட்டார். அதன்பிறகு 2008-இல் ஒபாமாவின் சிவப்பு நீலப் போஸ்டர் வந்தது, உலகமே ஃபேரியை அறிந்தது. 2009-இல் பாஸ்டனில் தன் கண்காட்சியின் திறப்புவிழாவுக்குப் போகும் வழியிலேயே, சுவரில் ஒட்டிய பழைய வழக்குக்காக அவரைக் கைது செய்தார்கள். உள்ளே சட்டம் போட்டு மாட்டினால் கலை, வெளியே பசை தடவி ஒட்டினால் குற்றம்.

1989-இல் சாதாரண மக்கள் கையில் இணையம் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஸ்டிக்கரில் லிங்க் இல்லை. ஆனாலும் ஒரு வலைப்பின்னல் உருவானது. தபாலில் போனது, பைகளில் போனது, வாய்வார்த்தையாகப் போனது. லிங்க் வருவதற்கு முன்பே ஸ்டிக்கர் தானே ஒரு வலையாக இருந்தது. இதை விட்டுவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

2004-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் மஞ்சள் அம்புக்குறி ஸ்டிக்கர்கள் தோன்றின. திட்டத்தின் பெயரே 'யெல்லோ ஆரோ'. என் கதவிலிருப்பது அதற்கு நான் வைத்த சின்ன மரியாதை. ஒவ்வொரு அம்புக்கும் தனி எண் இருந்தது. உங்களுக்கு முக்கியமான ஒரு இடத்தை நோக்கி அம்பை ஒட்டுகிறீர்கள். அந்த எண்ணோடு ஒரு வரியை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறீர்கள். பின்னால் வருகிற யாரோ அம்பைப் பார்த்து, அதே எண்ணை அனுப்பினால், நீங்கள் விட்டுப்போன வரி அவர் கைபேசிக்கு வரும். அது ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முந்திய காலம். கேமரா தேவையில்லை, இணைய இணைப்பு தேவையில்லை. பித்தான் வைத்த சாதாரண போன் போதும். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அம்பு ஒட்டினார்கள். வாஷிங்டன் நகரத்தின் பங்க் இசை வரலாற்றையே அம்புகளால் ஒரு வரைபடமாக்கினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அம்புதான், எஸ்எம்எஸ் இல்லை. அம்பு என்பது 'இதைப் பார்' என்கிற விரல். போன் இல்லாத கிழவியும் அம்பு காட்டும் திசையில் ஒருமுறை பார்க்காமல் போகமாட்டாள். ஸ்டிக்கரின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்த வருடம், 2005-இல், ஜான் ஜெராசி என்பவர் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார். 'கிராஃபீடியா' என்று பெயர். சுவரிலோ நடைபாதையிலோ ஒரு சொல்லை நீல நிறத்தில் எழுதி அடிக்கோடு இடுவார்கள். அந்தச் சொல்லை முகவரியாக வைத்து மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு படமோ ஒலியோ திரும்பி வரும். திரையில் நீல அடிக்கோடு என்றால் தட்டலாம் என்று நமக்குப் பழகிப்போயிருந்தது அல்லவா? அந்தப் பழக்கத்தை எடுத்துச் சுவரில் வைத்தார். ஸ்டிக்கர்கூட வேண்டாம், ஒரு நீலச் சாக்பீஸ் போதும். இந்த வரிசையில் மிக அழகான யோசனை எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்று அந்த நீலச் சொல்லுக்கு அஞ்சல் அனுப்பினால் பதில் வராது. மஞ்சள் அம்பின் எண்ணும் பேசாது. எங்காவது ஒரு பழைய கம்பத்தில், பெயிண்டுக்கு அடியில், ஒரு மஞ்சள் அம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். நாம் நினைப்பது என்ன? தாள் கிழியும், மழையில் நனையும், இணையத்தில் போட்டது என்றைக்கும் இருக்கும் என்று. ஸ்டிக்கர்க் கலையில் நடந்தது தலைகீழ். பசை காய்ந்த பிறகு தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலில் செத்தது சர்வர்.

இனி க்யூஆர் கோடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் டீக்கடையில் இதைத்தான் பார்க்கிறோம், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் உருவாக்கியது. கார் உதிரிப் பாகங்கள் போகிற தொழிற்சாலை. பழைய பார்கோடில் இருபது எழுத்துக்கு மேல் அடங்காது. அதனால் ஒரு பெட்டிக்கே பல பார்கோடுகள், தொழிலாளர்கள் நாள் முழுக்க ஸ்கேன் செய்து சலித்துப்போனார்கள். ஹாரா மதிய இடைவேளையில் 'கோ' விளையாடுவார். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காய், வெள்ளைக் காய். தகவலை இரண்டு திசையிலும் அடுக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பலகையிலிருந்து வந்தது.

அடுத்த சிக்கல், இயந்திரம் அந்தச் சதுரத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்குத்தான் மூன்று மூலைகளிலும் அந்தக் கண் மாதிரியான பெட்டிகள். அவற்றில் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். இந்த விகிதத்தை எப்படித் தேர்ந்தார்கள் தெரியுமா? துண்டறிக்கைகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து அளந்து, அச்சில் மிக அரிதாக வருகிற விகிதம் எது என்று தேடினார்கள். உலகத்து அச்சுக் குப்பையில் தொலைந்துபோகாத ஓர் அடையாளம் வேண்டும். போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிய சுவரிலும் உங்கள் கைபேசி அதைக் கண்டுபிடித்துவிடுகிறதே, காரணம் அதுதான்.

தொழிற்சாலையில் எண்ணெய்க் கறை படும், மூலை கிழியும். ஆகையால் தகவலோடு திருத்தக் கணக்கையும் சேர்த்தே எழுதினார்கள். உச்ச அளவில் வைத்தால் கோடில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்துபோனாலும் மீட்டு வாசித்துவிடலாம். கலைஞர்கள் அந்த 30 விழுக்காட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கறைக்காக விட்ட இடத்தில் படம் வரைந்தார்கள். நடுவில் ஒரு பூனை, ஒரு பறவை, ஒரு முகம். இயந்திரம் அதை அழுக்கு என்று நினைத்துக்கொண்டு திருத்திப் படிக்கிறது. அதன் கணக்கில் நம் ஓவியம் ஒரு கறை. எனக்கு இதில் ஒரு குறும்பான சந்தோஷம் உண்டு.

டென்சோ காப்புரிமை வைத்திருந்தும் அதைக் காட்டி யாரிடமும் காசு கேட்கவில்லை. 2017-இல் ஐபோனின் கேமராவே க்யூஆர் படிக்கத் தொடங்கியது. நம் பக்கம் 2016-இல் யுபிஐ வந்தது, 2018-இலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. பூக்கடைக்காரம்மாவுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே கட்டம். இருபது வருடம் முன்னால் அம்பு ஒட்டியவர்களுக்குக் கிடைக்காத வாசகர் கூட்டம் இன்று தெருவில் இருக்கிறது.

ஆனால் மனிதக் கண்ணுக்கு க்யூஆர் ஊமை. எல்லாக் கோடும் ஒரே முகம். பெரிய ரகசியத்துக்கும் பல்பொடி விளம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் இடப்பக்கக் கதவு தோற்றது. கூடவே ஒரு திருட்டுப் பயமும் இருக்கிறது. 2022 ஜனவரியில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் இயந்திரங்களில் யாரோ போலி க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரங்களில் க்யூஆர் மூலம் பணம் கட்டும் வழியே கிடையாது. இல்லாத கதவை ஒரு ஸ்டிக்கர் உண்டாக்கியது, ஜனங்களும் நுழைந்தார்கள். நம் ஊரிலும் கடைக்காரரின் ஸ்டிக்கர்மேல் இன்னொன்றை ஒட்டிப் பணம் பறித்த செய்திகளைப் படிக்கிறோம். காசு விழுந்தால் உரக்கச் சொல்கிற அந்தச் சின்னப் பெட்டி இல்லாவிட்டால் பல கடைகளில் மாலையில்தான் விஷயம் தெரியவரும்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு நானும் நண்பர்களும் எங்கள் பகுதியில் தூர்ந்துபோன கிணறுகளைத் தேடிப்போய், பக்கத்துச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஸ்கேன் செய்தால் அந்தக் கிணற்றில் குளித்த பெரியவர் ஒருவர் பேசுவார். நல்ல வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எங்களுக்கும் தலை கொஞ்சம் கனத்தது. மறுவருடம் டொமைனைப் புதுப்பிக்க நான் மறந்துவிட்டேன். வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாள் எங்கள் தெரு ஆசிரியை கூப்பிட்டு, "என்னங்க, கிணத்தத் தொட்டா சீட்டு விளையாடக் கூப்பிடுது?" என்றார். சூதாட்ட விளம்பரம். இரவோடு இரவாக டார்ச் அடித்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். நல்ல வினைல், நல்ல பசை. சுலபத்தில் வரவில்லை.

இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் 'இன்வேடர்' என்று மட்டும் பெயர் சொல்லிக்கொள்ளும் கலைஞர் 1998 முதல் பழைய வீடியோ கேம் பூச்சிகளைச் சின்ன ஓடுகளால் சுவரில் பதிக்கிறார். உலகம் முழுவதும் 4,000-க்கு மேல் பதித்தாகிவிட்டது. 2014-இல் ஒரு செயலி வெளியிட்டார். ஓட்டுப்படத்தை நேரில் போய்ப் படம் பிடித்தால், செயலி அதை அடையாளம் கண்டு புள்ளி கொடுக்கும். கோடு எதுவும் ஒட்டவில்லை, படமே கோடு. அதனால் ஊரே கழுத்தை நிமிர்த்தி மாடிச் சுவர்களைப் பார்த்து நடக்கிறது. ஓடு என்பது ஸ்டிக்கர் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம், சரிதான். ஆனால் நாளைக்கு அந்தச் செயலி செத்தாலும் சுவரில் பூச்சி இருக்கும், பார்க்கிறவன் சிரிப்பான். 2017-இல் நகராட்சி ஊழியர் மாதிரிச் சட்டை போட்டு வந்து சிலர் அந்த ஓடுகளைப் பெயர்த்துப் போனார்கள். பெயர்த்தவுடன் அவை உடைந்தன. இடத்தை விட்டால் அதற்கு விலையும் இல்லை.

வேல்ஸ் நாட்டில் மான்மத் என்ற சிறு ஊர், 2012-இல் ஊர் முழுக்க விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கு க்யூஆர் கோடு வைத்தது. வெளியே வைக்க வேண்டியவற்றைப் பீங்கான் பலகையில் சுட்டு மாட்டினார்கள். நீங்கள் கைபேசியைத் தமிழில் வைத்திருந்து, தமிழ்க் கட்டுரையும் இருந்தால், அதையே திறக்கும்படி அமைத்திருந்தார்கள். ஒரே கட்டம், ஆளுக்கு ஏற்ற மொழி. நல்ல ஏற்பாடு, ஆனால் இதைக் கலை என்று நான் சொல்லமாட்டேன். அறிவிப்புப் பலகைக்கு நாகரிகமான தம்பி, அவ்வளவுதான்.

ஹாங்காங்கில் நடந்ததை மட்டும் கனத்த மனத்தோடுதான் சொல்ல வேண்டும். 2014-இல் ஜனநாயகம் கேட்டு நடந்த போராட்டத்தின்போது அரசுச் செயலகத்தின் படிக்கட்டுச் சுவரில் மக்கள் வண்ண ஒட்டுத்தாள்களில் எழுதி ஒட்டினார்கள். பாடகர் ஜான் லெனன் இறந்தபின் பிராகாவில் உருவான சுவரின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். 2019-இல் அது ஊரெங்கும் பரவியது. தைப்போ பகுதியில் ஒரு நடைச் சுரங்கம் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தாள். இங்கே போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது. பெயர் சொல்லாத ஓவியர்கள் டெலிகிராமில் படம் போடுவார்கள், யாரோ அச்சடிப்பார்கள், யாரோ ஒட்டுவார்கள். சுவரைப் படம் பிடித்தவர்கள் திரும்ப டெலிகிராமில் போடுவார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் ஐபோனுக்கு ஏர்டிராப்பில் தள்ளிவிடுவார்கள். இரவில் யாராவது கிழித்தால் காலையில் புதியது முளைக்கும்.

2020 ஜூன் 30 இரவு தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுதினால் சிறை. கடைக்காரர்கள் கண்ணாடியிலிருந்த தாள்களை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் எதுவும் எழுதாத வெற்று ஒட்டுத்தாள்களை ஒட்டினார்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை. ஒரு சொல் கிடையாது, லிங்க் கிடையாது. தெருவில் போன ஒவ்வொருவருக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது சில. ஒட்டுவதற்கு முன் கோடை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மீதியிருப்பது நின்று பார்க்க வைக்கிறதா? இல்லையென்றால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். இதே லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே பொருள்தான் என்றால், சுவருக்கு எதற்குத் தொந்தரவு? இலவசம் என்று சொல்லிக் கோடு செய்துதரும் தளங்களில் பல, நடுவில் தங்கள் முகவரியைச் செருகிவிடும். சலுகைக் காலம் முடிந்தால் உங்கள் ஸ்டிக்கர் அனாதை. சொந்த முகவரி வையுங்கள், புதுப்பிக்கும் தேதியை ஒரு நண்பரின் கைபேசியிலும் குறித்துவையுங்கள். மரத்தில் ஒட்டாதீர்கள். அடுத்தவர் சுவர் என்றால் கேட்டு ஒட்டுங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 1959-இலிருந்தே இருக்கிறது. கட்சிப் போஸ்டருக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் உங்களைப் பிடிப்பது சுலபம்.

கதவில் ஒட்டிய இரண்டையும் இன்றிரவே எடுத்துவிடுவதாகக் காவலாளி ஐயாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அந்த மஞ்சள் அம்பு மட்டும் இருக்கட்டும் என்று ஆசை. ஆனால் மேலதிகாரி ஒப்பவில்லை. தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் என் பையில் இருக்கின்றன. சுரண்டுவதற்கு இரண்டு பேர் வாருங்கள். இறங்கும்போது படியைப் பார்த்து இறங்குங்கள்.